பிறந்தநாளுக்கு வராமல் போன தோழி: உங்கள் செட்டில் வெளியே போவதை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள்?

தெப்பக்கரை | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரை, வயது 25. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் நாலு பேர், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஒருத்தி தனியார் பள்ளியில் டீச்சர். இன்னொருத்தி வீட்டில் உட்கார்ந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். நாலாவது ஆள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். இந்த இழை அவளைப் பற்றித்தான்.

போன மாதம் என் பிறந்தநாள் வந்தது. மூன்று வாரம் முன்னாடியே குரூப்பில் பேசி முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலில் படம், அங்கேயே சாப்பாடு, அப்புறம் டீச்சர் வீட்டு மாடியில் கேக். ஆளுக்கு 1,200 ரூபாய் கணக்கு வந்தது. அதற்கு முதலில் ஹார்ட் போட்டது அவள்தான். அன்றைக்கு மதியம் மெசேஜ் வந்தது, "தலைவலிடி, நீங்க போங்க". கொடைக்கானல் போனபோது மாமா வீட்டு விசேஷம் என்றாள். அதற்கு முன்னால் ஒரு தடவை காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன்.

போன வாரம் சட்டைத்துணி எடுக்க அவள் கடைக்குப் போனேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். ஒரு அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முகம் சிரித்தபடியே இருக்கிறது. கீழே ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்து அழுத்துகிறாள், பிறகு கால் மாற்றி அழுத்துகிறாள். நான் போன நேரம் இரவு ஏழு இருக்கும். காலை ஒன்பதரைக்கு வந்தவள்.

டீ குடிக்க பத்து நிமிடம் வெளியே வந்தாள். நேரடியாகக் கேட்டுவிட்டேன், ஏன்டி வர மாட்டேங்கிற என்று. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு லீவு செவ்வாக்கிழமைடி. ஞாயித்துக்கிழமை போடணும்னா அன்னிக்குச் சம்பளம் கிடையாது. 1,200-ம் போயி அதுவும் போயி, மறுநாள் கால் வலியோட மறுபடி நிக்கணும். மால்ல எம்புட்டு நடக்க வைப்பீங்க, போட்டோவுக்கு எம்புட்டு நேரம் நிக்க வைப்பீங்க. எனக்கு உங்களோட எங்கயாச்சும் உக்காரணும். அம்புட்டுத்தான்."

பதினாலு வருடப் பழக்கம். இதை நானாகக் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது கேள்வி இதுதான். அவள் பங்கை நாங்கள் மூன்று பேரும் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை அப்படிச் செய்தோம். அதற்கப்புறம் மூன்று மாதம் எங்களோடு எங்குமே வரவில்லை. அவள் மனம் கோணாமல், அவளும் ஆசைப்பட்டு வருகிற மாதிரி எப்படி அமைப்பது? உங்கள் செட்டில் என்ன செய்கிறீர்கள்?

மலைக்கோட்டைக்காரன் | சனி, இரவு 10.15

திருச்சி. நாங்கள் ஆறு பேர், பாலிடெக்னிக் செட்டு. சம்பளம் ஆளுக்கு ஆள் ரொம்ப வித்தியாசம், ஒருத்தன் இன்னும் வேலை தேடுகிறான்.

நாங்கள் செய்வது கட்டுச்சோறு. ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஊரே காவிரிக் கரைக்குச் சாதம் கட்டிக்கொண்டு வரும் இல்லையா, ஒரு வருடம் நாங்களும் புளிசாதம், தேங்காய்ச்சாதம், தயிர்சாதம் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோனோம். அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்காமல் முக்கொம்பு போய்விட்டோம். அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி எந்த ஹோட்டலிலும் சாப்பிட்டதில்லை. அதிலிருந்து பிறந்தநாள் என்றாலும் அதேதான், ஒன்று முக்கொம்பு, இல்லாவிட்டால் கல்லணை. வேலை தேடுகிறவன் வீட்டுப் புளிசாதம்தான் முதலில் காலியாகும். அவன் அம்மா இப்போது எங்களுக்காகவே கூடுதலாகக் கிளறி அனுப்புகிறார்.

காசு கொடுக்க முடியாதவனுக்கும் சாதம் கொண்டுவர முடியும். அதனால் யாரும் யாருக்கும் கடன்பட்ட மாதிரி ஆவதில்லை.

நடுராத்திரி இட்லி | சனி, இரவு 10.52

நானும் மதுரைதான். கடை சாத்துகிற நேரத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு அப்படியே சாப்பிடப் போகலாமே. இந்த ஊரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் இட்லி ஆவி பறக்கக் கிடைக்கும். பன் பரோட்டா, கறி தோசை, அப்புறம் ஒரு பருத்திப்பால். மால் அளவுக்குச் செலவு ஆகாது. நாங்கள் வாரம் ஒரு ராத்திரி இப்படித்தான் சேருகிறோம்.

தெப்பக்கரை | சனி, இரவு 11.05

@நடுராத்திரி இட்லி, அண்ணா, ஆசையாகத்தான் இருக்கிறது. அவள் கடையை விட்டு வர பத்தாகும். அதற்கு மேல் நாலு பெண்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றால் எங்கள் நாலு வீட்டில் மூன்று வீடு ஒத்துக்கொள்ளாது. தூங்கா நகரம் என்று நானும் பெருமையாகத்தான் சொல்வேன். அந்த ராத்திரியை நாங்கள் அப்பாவோடோ அண்ணனோடோதான் பார்த்திருக்கிறோம். இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு இந்த மாதமே ஒரு வழி வேண்டும்.

@மலைக்கோட்டைக்காரன், கட்டுச்சோறு யோசனை பிடித்திருக்கிறது.

நடுராத்திரி இட்லி | சனி, இரவு 11.11

உண்மைதான் தங்கச்சி. நான் அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நெல்லைக்காரி | ஞாயிறு, காலை 8.20

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஒருத்தியால் முடியாது என்பதற்காக மூன்று பேரும் எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்ள வேண்டுமா? நானும் முதல் சம்பளம் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. எனக்கு ஊர் பார்க்க ஆசை. காலேஜ் படிக்கும்போது பக்கத்தில் இருக்கிற குற்றாலத்துக்குக்கூட வீட்டில் அனுப்ப மாட்டார்கள். இப்போது என் காசில் தோழிகளோடு மேகமலை போய்வந்தேன். அதில் ஒருத்தி வரவில்லை. வருத்தம்தான், ஆனாலும் போனோம். திரும்பி வந்து அவளுக்குத் தேயிலைத்தூள் கொடுத்து எல்லாக் கதையும் சொன்னேன். அதற்காக நாங்கள் அவளை விட்டுவிட்டோம் என்று ஆகாது.

தெப்பக்கரை | ஞாயிறு, காலை 9.02

@நெல்லைக்காரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். கொடைக்கானலுக்கு அவள் வராதது எனக்கு இவ்வளவு உறுத்தவில்லை. பிறந்தநாளுக்கு வராததுதான் உறுத்துகிறது. ஊர் சுற்றுவது மூன்று பேராகவும் போகலாம், இரண்டு பேராகவும் போகலாம். பிறந்தநாள் நாலு பேருடையது. அவள் இல்லாமல் கேக் வெட்டும்போது கத்தியை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், டீச்சர்தான் கையைப் பிடித்து வெட்ட வைத்தாள். அந்த போட்டோவை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

வராத ஆள் | ஞாயிறு, மதியம் 1.30

இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் என் செட்டில் அந்த வராத ஆள் நான்தான். நான்கு வருடம் அப்படி இருந்தேன்.

வெளியே போகலாம் என்று யாராவது மெசேஜ் போட்டதும் என் தலைக்குள் முதலில் ஓடுவது பஸ் காசு. அப்புறம் அந்த ஹோட்டல் பெயரைப் போட்டு நெட்டில் மெனு தேடுவேன். போனால் மெனுவில் வலது பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். "எனக்குப் பசிக்கல, லெமன் ஜூஸ் போதும்" என்பேன். மற்றவர்கள் பிரியாணி, தந்தூரி என்று சொல்வார்கள். ஆசையாக ஒரு துண்டு என் தட்டிலும் வைப்பார்கள். கடைசியில் பில் வரும்போது ஒருத்தி சொல்வாள், "சமமாப் பிரிச்சிரலாம்டி, எதுக்குக் கணக்கு". பெரிய மனதோடுதான் சொல்வாள். 60 ரூபாய் ஜூஸுக்கு 540 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்த வாரம் முழுக்க ஆபீசுக்குப் பாதித் தூரம் நடந்து போயிருக்கிறேன். இது ஒரு தடவை நடந்தது இல்லை.

எனக்காகப் பணம் கட்டியபோதும் நிம்மதி இல்லை. அன்றைக்கு நான் என்ன பேசினாலும், எதற்குச் சிரித்தாலும், இவர்கள் காசில் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறோம் என்றே மனதில் ஓடும். அதனால் உங்கள் தோழி மூன்று மாதம் வராதது எனக்குப் புரிகிறது.

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுங்கள். அப்புறம், முடிந்தவரை ஹோட்டலைத் தவிர்த்துவிடுங்கள். ஹோட்டலில் ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்தால் சர்வருக்குக்கூடத் தெரியும். குளக்கரையிலோ கோயில் பிரகாரத்திலோ உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

நீங்கள் கடைக்கே போய்க் கேட்டீர்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாள் காத்திருந்தேன்.

தெப்பக்கரை | ஞாயிறு, மதியம் 2.10

இதைப் படித்து அழுதுவிட்டேன். பில்லைச் சமமாகப் பிரிக்கலாம் என்று சொல்லும் ஆள் எங்கள் செட்டில் நான்தான். கணக்கு எழுதுவதே என் வேலை, எங்களுக்குள்ளும் கணக்கு எதற்கு என்று நினைத்துத்தான் சொல்வேன். இனிமேல் சொல்ல மாட்டேன். எழுதியதற்கு நன்றி அக்கா.

பெசன்ட் நகர் காற்று | ஞாயிறு, மாலை 5.45

சென்னையில் எங்களுக்கு எல்லாமே கடற்கரைதான். வேலை கிடைத்தாலும் பெசன்ட் நகர், வேலை போனாலும் பெசன்ட் நகர். மணலில் உட்கார யாரும் காசு கேட்பதில்லை. ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கினால் ஐந்து பேர் கை அதில் இருக்கும்.

கடற்கரை என்று யோசிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். அங்கே வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் நிற்கிறதே, எல்லோரும் அதன் முன்னால் போட்டோ எடுக்கிறோமே, அது 1930-ல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரருக்குக் கட்டியது. அதே இடத்தில் நின்றுகொண்டு பிறந்தநாள் பையனைத் தூக்கி அலையில் போடுகிறார்கள். எங்கள் காலேஜில் ஒரு ஜூனியர் அப்படிப் போய் மூன்றாவது நாள்தான் கிடைத்தான். கரையில் உட்காருங்கள், கால் நனைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

அரசு மருத்துவமனை நர்ஸ் | ஞாயிறு, இரவு 8.30

கொண்டாட்டம் என்று பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்னோ ஸ்ப்ரே. டப்பாவுக்குள் நுரையைத் தள்ளுவதற்கு இருக்கிற வாயு பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கிற வகை. கேக்கில் மெழுகுவத்தி எரியும்போது எல்லோரும் சுற்றி நின்று முகத்தில் அடிக்கிறார்கள். முடியும் புருவமும் கருகி, கழுத்தில் தோல் உரிந்து ஒரு பெண் எங்கள் வார்டுக்கு வந்தாள், பட்டுப் பாவாடையோடு. கூட வந்த தோழிகள் விடிய விடிய வராண்டாவில் நின்று அழுதார்கள். பிரியத்தில் செய்ததுதான். டப்பாவில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

முட்டை, மாவு, சாணி என்று தலையில் கொட்டுவதும் வேண்டாம். மறுநாள் வேலைக்குப் போகிறவளுக்கு அந்த முடியை அலசவே பாதி ராத்திரி போய்விடும்.

தெப்பக்கரை | ஞாயிறு, இரவு 8.48

@நர்ஸ் அக்கா, போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு நாங்களும் ஸ்ப்ரே அடித்தோம். மெழுகுவத்தியை அணைத்த பிறகு அடித்ததால் தப்பித்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி அந்த டப்பா எங்கள் பக்கம் வராது.

பத்து வருட கவுன்ட்டர் | திங்கள், காலை 7.10

நானும் ஜவுளிக்கடைதான், கோயம்புத்தூர், ஆண்கள் பிரிவு. உங்கள் தோழி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள் வெளியே போனால் முதலில் தேடுவது நாற்காலியைத்தான்.

எல்லோருக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளாவில் அதற்கு முன்னாலேயே, 2018-ல். அங்கே கடைகளில் வேலை செய்த பெண்கள் போராடிக் கொண்டுவந்தது. எங்கள் கடையில் இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். உங்கள் தோழியிடம் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

அப்புறம் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்த மாதங்கள், இந்த நேரத்தில் லீவு கேட்க முடியாது. என் பிறந்தநாள் ஐப்பசியில், சரியாகத் தீபாவளி நெருக்கத்தில் வரும். என் கூட்டாளிகள் ஒன்பது வருடமாக அதைத் தீபாவளி முடிந்த மறுவாரம்தான் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதிதான் என் பிறந்தநாள் என்று என் பையன்கூட நினைத்துக்கொண்டிருக்கிறான். தேதியை மாற்றிக்கொள்ளலாம் தங்கச்சி, அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மாசி வீதி | திங்கள், காலை 10.25

மதுரைக்குள்ளேயே உட்கார இடம் கேட்டால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்தான். திருமலை நாயக்கர் காலத்துக் குளம். தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வரும்போது கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்போம், அன்றைக்கு நிற்கவே இடம் இருக்காது. சாதாரண நாளில் சாயங்காலம் போனால் சுற்றுச்சுவரில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், தண்ணீரில் பட்டு வருகிற காற்று. எங்கள் செட்டில் ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு முறிந்த அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்தோம்.

கீழக்குயில்குடி சமணர் மலையும் நல்ல இடம். அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக்குளமும் இருக்கின்றன. ஆனால் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கப் பேச்சிப்பள்ளம் போகப் படி ஏற வேண்டும். உங்கள் தோழிக்கு அது வேண்டாம்.

போகவர டவுன் பஸ் போதும், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. என் அம்மா காலத்தில் தோழியைப் பார்க்கக் கிளம்பினால் பஸ் காசுக்குத் தாத்தாவிடம் கைநீட்ட வேண்டும், எதற்கு என்று காரணமும் சொல்ல வேண்டும். இப்போது நான் கிளம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிடுகிறேன்.

தெப்பக்கரை | திங்கள், மதியம் 1.15

@மாசி வீதி, நான் பெயரையே தெப்பக்கரை என்று வைத்துக்கொண்டு அந்த இடத்தை யோசிக்கவில்லை, பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு தினமும் அந்த வழியாகத்தான் நாலு பேரும் வீட்டுக்குப் போவோம்.

குரூப்பில் இப்போதுதான் போட்டேன். "அடுத்த செவ்வாய், சாயங்காலம் அஞ்சரை, தெப்பக்குளம். என் பொறந்தநாளை மறுபடி கொண்டாடுறோம். சாப்பாடு வீட்டிலிருந்து. கேக்குக்கு மட்டும் ஆளுக்கு 65." இன்னும் அவள் பார்க்கவில்லை. கவுன்ட்டரில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது.

வராத ஆள் | திங்கள், இரவு 10.40

என்ன சொன்னார்கள்?

தெப்பக்கரை | திங்கள், இரவு 10.58

இப்போதுதான் பதில் வந்தது. "எலுமிச்சைச் சாதம் நான்" என்று மட்டும் போட்டிருக்கிறாள்.

தெப்பக்கரை | மறுவாரம் புதன், காலை 6.50

நேற்று போய்வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டேன். டீச்சர் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு பள்ளியிலிருந்து நேராக வந்தாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள் அரை நாள் லீவு. நாங்கள் மூன்று பேரும் போனபோது அவள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நாலு பேருக்கும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பூ வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்கு மல்லிகை ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள்.

எலுமிச்சைச் சாதத்தில் நிலக்கடலையை அவள் அம்மா நன்றாகச் சிவக்க வறுத்துப் போட்டிருந்தார். டீச்சர் உருளைக்கிழங்கு வறுவல், மற்றவள் தயிர்சாதமும் மோர் மிளகாயும், நான் கேசரி. அரைக்கிலோ கேக் பேக்கரியில் வாங்கியது, 260 ரூபாய். காற்றில் மெழுகுவத்தி நிற்கவே இல்லை, மூன்று தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு அப்படியே வெட்டினோம். பக்கத்தில் வாக்கிங் வந்த ஒரு தாத்தாவுக்கும் ஒரு துண்டு போயிற்று.

இருட்டும்வரை பேச்சு. எட்டாம் வகுப்பில் மழையில் அடித்துக்கொண்டு போன ஒரு செருப்பைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருப்போம். உட்காரும் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். "அப்படியா, எங்க ப்ளோர்ல யாருக்குமே தெரியாதே" என்றாள். என் போனிலிருந்து அந்தச் செய்தியைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

குளத்தின் மைய மண்டபத்தில் விளக்கு போட்ட நேரம், அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சுவரின்மேல் நீட்டி, டீச்சர் மடியில் தலை வைத்தாள். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, கொலுசு அழுத்திய இடத்தில் தடம் விழுந்திருந்தது. டீச்சர் அசையாமல் உட்கார்ந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நோட்டுக் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் குரல் தானாக இறங்கிவிட்டது. இருபத்தைந்து நிமிடம் தூங்கியிருப்பாள்.

எட்டரைக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் போனில் 65 ரூபாய் வந்து விழுந்தது. முதல் ஆளாக அனுப்பியது அவள்தான்.

அடுத்தது டீச்சர் பிறந்தநாள், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியாயிற்று. வரும்போது மறக்காமல் ஜமக்காளம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள், டீச்சர் மடியில் தூங்கியவள்.